நின்ற இடத்தில் ஒரு நடை: இதயச் சோதனை ஒன்றின் வரலாறு

கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காங்கயத்தைக் கடந்ததும் வருவது வெள்ளகோவில். 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். விசைத்தறி, நூற்பாலை, எண்ணெய் ஆலை, முருங்கைக்காய் வணிகம் ஆகியவற்றை நம்பி வாழும் ஊர். இங்கும் இதைச் சுற்றியுள்ள பனியன் நகரங்களிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "டி.எம்.டி. பாத்தாச்சுங்க, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

டி.எம்.டி. என்பது டிரெட்மில் சோதனையின் சுருக்கப் பெயர். மார்பில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு, நகரும் பட்டையின் மேல் மூச்சு வாங்கும் வரை நடந்து, அப்போது இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்ப்பது. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் இன்று இதுவும் ஓர் உறுப்பு. தாளைக் கையில் வாங்கியவர் நிம்மதியோடு ஊர் திரும்புகிறார். அந்த 'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? இக்கேள்விக்கு விடை காண, இச்சோதனை எங்கே பிறந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது, எப்படி நம் ஊர் வரை வந்தது என்று சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

மேட்டில் ஏறும்போது வரும் வலி

1768-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் கழகத்தில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வாசித்தார். அது 1772-இல் அச்சேறியது. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் உணவு உண்ட உடனேயும், நெஞ்சில் ஒரு நெரிப்பு ஏற்படுகிறது. உயிரே போய்விடும் போலிருக்கிறது. நின்றுவிட்டால் அது மறைந்துவிடுகிறது என்று அவர் தம் நோயாளிகளைக் கண்டு எழுதினார். அந்நோய்க்கு 'ஆஞ்சைனா' என்று பெயரிட்டவரும் அவரே. கையில் கருவி எதுவும் இல்லாத காலம் அது. நோயாளியின் நடையும் அவன் சொல்லும் சொல்லுமே சான்று. ஆயினும் பின்வந்த இரண்டு நூற்றாண்டு மருத்துவம் முழுவதும் எந்த அடித்தளத்தில் நின்றதோ அதை ஹெபர்டன் கண்டுவிட்டார். ஓய்வில் ஒளிந்திருக்கும் நோய், உழைப்பில் வெளியே வரும்.

அதன் காரணம் எளியது. இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்பவை கரோனரி தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினாலும், அமர்ந்திருக்கும் மனிதனுக்கு வரும் குருதி போதும். மேடு ஏறும்போது தேவை பல மடங்கு கூடுகிறது. குறுகிய குழாய் ஈடு கொடுக்க முடியாமல் திணறுகிறது. கோடைக்காலத்தில் ஒரே குழாயிலிருந்து இரண்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முயன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொங்கு நாட்டில் இந்தச் சோதனையைச் செய்ய மருத்துவமனையே வேண்டாம் என்று கூடச் சொல்லலாம். சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1320 படிகள். சென்ற ஆண்டு ஒரே மூச்சில் ஏறியவர் இவ்வாண்டு பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால், ஹெபர்டன் விவரித்த நோயாளி அவராக இருக்கக்கூடும். ஆனால் மலைக்கு வண்டிப் பாதையும் உண்டு. படியேறச் சிரமப்படுபவர் அடுத்த முறை வண்டியில் போய்விடுகிறார். வலி வரவில்லை, ஆகவே நோயும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

சிறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

டிரெட்மில் என்ற பொறியின் பிறப்பிடம் சிறைச்சாலை என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கைதிகளுக்கு ஓயாத வேலை கொடுப்பதற்காக ஒரு பெரும் உருளையை வடிவமைத்தார். உருளையின் விளிம்பில் படிகள் இருக்கும். கைதி படியில் கால் வைத்ததும் உருளை சுழல, படி கீழே இறங்கும். உடனே அடுத்த படியில் ஏற வேண்டும். மணிக்கணக்கில் ஏறினாலும் ஓர் அடி கூட மேலே போக முடியாது. 1895-இல் கடுங்காவல் தண்டனை பெற்ற ஆஸ்கர் வைல்டும் இவ்வுருளையை மிதித்தவர்களில் ஒருவர். 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பின் பிரிட்டனில் இது வழக்கொழிந்தது.

நம் மண்ணில் இதற்கு இணையான தண்டனைக் கருவி செக்கு. 1908-இல் கோவைச் சிறைக்கு அனுப்பப்பட்ட வ.உ.சிதம்பரனார் அங்கே செக்கிழுத்த செய்தியை அறியாத தமிழ் வாசகர் இருக்க முடியாது. மாடு சுற்ற வேண்டிய வட்டத்தில் மனிதனைச் சுற்ற வைத்த அந்தக் கொடுமையும் கியூபிட்டின் உருளையும் ஒரே சிந்தனையின் இரு வடிவங்கள். மனித நடையைப் பிடித்து ஓரிடத்தில் கட்டிவைப்பது என்பதே அச்சிந்தனை.

இந்தக் கட்டப்பட்ட நடை அறிவியலுக்குப் பயன்பட்டதுதான் வியப்பு. 1850-களில் எட்வர்ட் ஸ்மித் என்ற மருத்துவர் இலண்டன் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையின் உருளையில் தாமே ஏறி மிதித்து, உழைக்கும்போது உடல் எவ்வளவு மூச்சுக் காற்றைச் செலவிடுகிறது என்று அளந்தார். கைதிகளின் உணவும் உழைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பது அவருடைய கவலை. சாலையில் நடப்பவனைப் பின்தொடர்ந்து அளவெடுக்க முடியாது. ஓரிடத்திலேயே நடப்பவனை அளக்க முடியும். வேகத்தையும் ஏற்றத்தையும் நாமே தீர்மானிக்க முடியும். சிறை உருளைக்கும் இன்றைய மருத்துவமனைப் பட்டைக்கும் இடையிலுள்ள உறவு இதுவே.

மின்கோடு பேசத் தொடங்கியது

அளக்க ஒரு கருவி வேண்டுமல்லவா? ஹாலந்து நாட்டில் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாக வரையும் கருவியை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. அவருக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் இன்று ஈ.சி.ஜி. என்று சொல்லும் கோடு அதுதான்.

1918-இல் பௌஸ்ஃபீல்ட் என்ற மருத்துவர், ஆஞ்சைனா வலி வந்துகொண்டிருந்த ஒருவருக்கு ஈ.சி.ஜி. எடுத்தபோது கோட்டின் ஒரு பகுதி மாறியிருப்பதைக் கண்டார். இதயத் துடிப்புக்குப் பின் சமமாகச் செல்ல வேண்டிய அப்பகுதியை மருத்துவர்கள் 'எஸ்.டி.' என்பார்கள். அது கீழே இறங்கியிருந்தது. 1928-இல் அமெரிக்காவில் ஃபைல், சீகல் என்ற இருவர் ஆஞ்சைனா நோயாளிகளை உடற்பயிற்சி செய்யவைத்து அதே இறக்கத்தை வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டினர். 1932-இல் வியன்னாவின் கோல்ட்ஹாமர், ஷெர்ஃப் இருவரும் இதையே நோயறியும் முறையாகக் கொள்ளலாம் என்றனர். அதே காலத்தில் வேறு சிலர், பயனுள்ளது என்றாலும் ஆபத்தானது என்று எச்சரித்தனர். நோயைக் காண்பதற்காக நோயையே தூண்டுவது சரியா என்ற அச்சம் தொடக்கத்திலிருந்தே இச்சோதனையுடன் சேர்ந்து வந்தது.

நியூயார்க்கின் ஆர்தர் மாஸ்டர் 1929-இல் இரண்டே படிகள் கொண்ட ஒரு மரச்சட்டத்தை வைத்துச் சோதனையை எளிமையாக்கினார். ஒவ்வொரு படியும் 9 அங்குல உயரம். நோயாளி ஏறி, மறுபக்கம் இறங்கி, திரும்பி மீண்டும் ஏற வேண்டும். வயதுக்கும் எடைக்கும் ஏற்ப எத்தனை முறை ஏறுவது என்று அட்டவணை இருந்தது. முதலில் நாடியும் இரத்த அழுத்தமும் மட்டுமே பார்த்தார், ஈ.சி.ஜி. பின்னர் 1940-களில் சேர்ந்தது. மருந்துப் பெட்டி போல் எங்கும் தூக்கிச் செல்லக்கூடிய இந்த 'மாஸ்டர் படிகள்' பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஆண்டன. குறை ஒன்று இருந்தது. நலமான இளைஞனுக்கு இது மிக எளிது. நோயுற்ற முதியவருக்கு மிகக் கடினம். எல்லோருக்கும் ஒரே மேடு.

சியாட்டிலின் பட்டை

இக்குறையைத் தீர்த்தவர் ராபர்ட் புரூஸ். 1916-இல் பிறந்த இவர் 1950-இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதயவியல் துறைத் தலைவராகச் சேர்ந்தார். மின்விசையால் ஓடும் பட்டையில் நோயாளியை நடக்கவிட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் சேர்த்துக் கூட்டினார். முதல் நிலையில் மணிக்கு 1.7 மைல் வேகம், 10 விழுக்காடு ஏற்றம். இரண்டாம் நிலையில் 2.5 மைல், 12 விழுக்காடு. மூன்றாவதில் 3.4 மைல், 14 விழுக்காடு. நான்காவதில் 4.2 மைல், 16 விழுக்காடு. 1963-இல் வெளியான இந்த வரிசையே 'புரூஸ் நெறிமுறை'. பழைய காரை ஓட்டிப் பார்க்காமல் வாங்குவோமா என்ற உவமையை அவர் சொல்வதுண்டாம். காங்கயம் மாட்டுச் சந்தையில் காளையை நடத்திப் பார்க்காமல் யார் விலை பேசுகிறார்கள்?

நடப்பவர் நடந்துகொண்டிருக்கும்போதே ஈ.சி.ஜி.யும் இரத்த அழுத்தமும் பார்க்கப்பட்டன. வலி வந்தாலோ, அழுத்தம் இறங்கினாலோ, கோடு தாழ்ந்தாலோ பட்டை நிறுத்தப்பட்டது. அச்சமும் பெருமளவு நீங்கியது. 1971-இல் வெளியான ஓர் ஆய்வு 73 மையங்களில் நடந்த ஏறத்தாழ 1,70,000 சோதனைகளைத் தொகுத்தது. அவற்றோடு தொடர்புடைய இறப்புகள் 16. பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவு.

இதே காலத்தில் வேறொரு சொல்லும் மருத்துவத்தில் வேரூன்றியது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைபிடித்தல் முதலியவை வருங்கால இதய நோயை முன்னறிவிக்கின்றன என்று காட்டியது. 1960-களில் 'அபாயக் காரணி' என்ற கருத்து பரவியது. நோயுள்ளவரைக் கண்டறிவது ஒன்று. நலமாக இருப்பவரின் நாளையைக் கணிப்பது வேறொன்று. புரூஸின் பட்டை முதல் வேலைக்காகப் பிறந்தது. நாளடைவில் இரண்டாம் வேலையும் அதன் தலையில் ஏற்றப்பட்டது.

தென்னிந்தியாவின் முறை

இதய நோய் மேனாட்டுச் செல்வந்தர்களின் நோய் என்ற எண்ணத்தை உடைத்த ஆய்வுகளில் ஒன்று நம் ரயில்வே ஊழியர்களைப் பற்றியது. ரயில்வே மருத்துவத் துறையைச் சேர்ந்த எஸ்.எல். மல்ஹோத்ரா 1967-இல் பிரிட்டிஷ் இதய ஆய்விதழில் எழுதிய கட்டுரை, தென்னிந்திய ஊழியர்களிடையே இந்நோய் பஞ்சாபியரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம் என்று கூறியது. உணவில் பல மடங்கு கொழுப்பு உண்டவர்களோ பஞ்சாபியர்! எண்ணெயையும் நெய்யையும் மட்டும் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த காலத்தில் இம்முடிவு பலரைத் துணுக்குறச் செய்தது.

1975-இல் சென்னை பெரம்பூரிலுள்ள தென்னக ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவையைச் செய்தார். 1983-இல் இதயநோய் மருத்துவரான பிரதாப் சி. ரெட்டி நிறுவிய அப்பல்லோ மருத்துவமனை சென்னையில் திறக்கப்பட்டது. நோய் வரும் முன்னரே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்ற 'முழு உடல் பரிசோதனை'க் கருத்து அதன் பின் தமிழகத்து நடுத்தர வர்க்கத்தில் பரவியது. கோவையில் 1952 முதல் ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை இயங்கி வந்தது. 1990-இல் கோவை மெடிக்கல் சென்டர் வந்தது. வெள்ளகோவிலிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தறி முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் பரிசோதனைக்காகக் கோவைக்குப் போய் வருவது இப்படித்தான் வழக்கமாயிற்று.

தேவை இருந்தது என்பதில் ஐயமில்லை. 2001-இல் வெளியான சென்னை நகர்ப்புற ஆய்வில் வி. மோகனும் குழுவினரும், பரிசோதித்தவர்களில் 11 விழுக்காட்டினருக்குக் கரோனரி தமனி நோய் இருப்பதைக் கண்டனர். சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தரவுகளிலிருந்து 2007-இல் வெளியான கட்டுரை, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53 என்றும் பிறருக்கு 58.8 என்றும் காட்டியது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாக! குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டிய வயதில் வரும் சாவு இது. இந்த அச்சமே நம்மைப் பட்டையின் மேல் ஏற்றுகிறது.

பாதிரியாரின் கணக்கு

இங்கே கதை மருத்துவத்தை விட்டு ஒரு பாதிரியாரிடம் செல்கிறது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் போதகர் எழுதி வைத்திருந்த நிகழ்தகவுக் கட்டுரை, அவர் இறந்த பின் 1763-இல் வெளியானது. ஒரு சான்றின் மதிப்பு, அச்சான்று கிடைப்பதற்கு முன் நாம் எதை நம்ப இடமிருந்தது என்பதையும் பொறுத்தது என்பது அதன் சாரம். 1979-இல் அமெரிக்காவின் டயமண்ட், ஃபாரெஸ்டர் இருவரும் இக்கணக்கை இதயச் சோதனைகளுக்குப் பொருத்திக் காட்டினர்.

நாமும் அதைப் போட்டுப் பார்க்கலாம். 1989-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 147 ஆய்வுகளையும் 24,074 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்து, டிரெட்மில் போன்ற உழைப்புச் சோதனை நோயுள்ள நூறு பேரில் 68 பேரைக் கண்டுபிடிக்கிறது என்றும், நோயில்லாத நூறு பேரில் 77 பேரைச் சரியாக விடுவிக்கிறது என்றும் சராசரி கண்டது.

முதலில் நெஞ்சு வலி எதுவுமில்லாத, நூற்றுக்கு ஐந்து பேருக்கே நோய் இருக்கக்கூடிய ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். நோயுள்ள 50 பேரில் 34 பேர் பிடிபடுவர். 16 பேர் தப்பிவிடுவர். நோயில்லாத 950 பேரில் ஏறத்தாழ 218 பேருக்குச் சோதனை வீணாக எச்சரிக்கை மணி அடிக்கும். ஆக, 'கோளாறு இருக்கிறது' என்று தாள் வாங்கிய 252 பேரில் உண்மையில் நோயுள்ளவர் 34 பேர்தாம். மற்றவர்கள் பயத்தோடும் செலவோடும் ஆஞ்சியோகிராம் வரை போகிறவர்கள்.

இப்போது மேடேறும்போது நெஞ்சு இறுகுகிறது என்று சொல்லி வந்த ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். இவர்களில் பாதிப் பேருக்கு நோய் உண்டு என்று வைப்போம். 500 பேரில் 340 பேர் பிடிபடுவர். நலமான 500 பேரில் 115 பேருக்கு வீண் எச்சரிக்கை. மணி அடித்த 455 பேரில் 340 பேருக்கு உண்மையிலேயே நோய். சோதனை நன்றாகத்தான் உழைத்திருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட 545 பேரில் 160 பேருக்கு நோய் இருக்கிறது.

ஒரே பொறி, ஒரே கோடு, ஒரே சொல். ஏறியவர் யார் என்பதைப் பொறுத்து அச்சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. வலி இருந்தும் தாளை நம்பி வீட்டில் இருந்துவிடுபவருக்கு இக்கணக்கு உயிர் விஷயம்.

1998-இல் ஃப்ரோலிச்சர் குழுவினர் இன்னும் கறாராகப் பார்த்தனர். சோதனையில் சிக்கியவர்களை மட்டும் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பினால் கணக்கு கோணலாகும் என்பதால், இரண்டையும் செய்துகொள்ள முன்னரே ஒப்புக்கொண்ட 814 ஆண்களை ஆராய்ந்தனர். நோயைக் கண்டுபிடிக்கும் திறன் 45 விழுக்காட்டுக்கு இறங்கியது. நலமானவரை விடுவிக்கும் திறன் 85-க்கு ஏறியது.

ஆண்கள் என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். இச்சோதனையின் அளவுகோல்கள் பெரும்பாலும் நடுவயது ஆண்களை வைத்து உருவானவை. பெண்களிடம் அடைப்பு இல்லாமலேயே கோடு தாழ்வது அதிகம் என்பது பின்னர் தெரிந்தது. பல்லாயிரம் பெண்கள் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து உழைக்கும் திருப்பூர் வட்டாரத்தில் இதை அறிந்திருப்பது நல்லது.

குறுகாத குழாய் உடைவது

கணக்குக்கு அப்பால் உடலியல் காரணமும் ஒன்று உண்டு. டிரெட்மில், குருதிக்குழாய் கணிசமாகக் குறுகியிருந்தால்தான் உணரும். ஆனால் மாரடைப்பு பெரும்பாலும் மெதுவாகக் குறுகி வருவதில்லை. குழாயின் சுவரிலுள்ள கொழுப்புப் படிவின் மெல்லிய மூடி திடீரென்று கிழிகிறது. அங்கே குருதி உறைந்து, சில நிமிடங்களில் வழியை முழுவதும் அடைக்கிறது. கிழியும் படிவு முந்தைய நாள்வரை குழாயில் பாதியைக் கூட அடைத்திருக்க வேண்டியதில்லை என்பதை 1988-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நேற்று நன்றாக நடந்தவர் இன்று விழுவதன் விளக்கம் இது.

அமெரிக்கத் தொலைக்காட்சி இதழாளர் டிம் ரஸர்ட் 2008 ஏப்ரல் இறுதியில் உழைப்புச் சோதனையில் தேறினார். ஜூன் 13 அன்று மாரடைப்பில் இறந்தார், வயது 58. ஓட்டத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜிம் ஃபிக்ஸ், சோதனை செய்துகொள்ளச் சொல்லியும் மறுத்துவிட்டு, 1984-இல் ஓடும்போதே 52 வயதில் இறந்தார். ஒருவர் சோதனையை நம்பினார்; மற்றவர் தம் ஓட்டத்தையே நம்பினார்.

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தபோது, பெங்களூர் மருத்துவமனைகளில் இதயப் பரிசோதனைக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அச்சம் நியாயமானது. ஆனால் வரிசையில் நின்ற வலியற்ற இளைஞர்கள் நம் முதல் ஆயிரம் பேரைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ வல்லுநர் குழு, அபாயம் குறைந்த, அறிகுறியற்ற பெரியவர்களுக்கு ஈ.சி.ஜி. சோதனையை, ஓய்வில் எடுப்பதாயினும் உழைப்பில் எடுப்பதாயினும், முன்தேர்வாகச் செய்ய வேண்டாம் என்று 2012-இலும் 2018-இலும் பரிந்துரைத்தது. நெஞ்சுவலி உள்ளவர்களுக்கும் இன்று சி.டி. ஆஞ்சியோகிராம் போன்ற படமெடுக்கும் முறைகளே முன்னுரிமை பெற்று வருகின்றன. 2019-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் டிரெட்மில்லை ஒரு படி கீழே இறக்கியது.

யாரும் படிக்காத வரி

அப்படியானால் பட்டையை மூலையில் போட்டுவிடலாமா? அதற்கும் வரலாறு வேறு விடை சொல்கிறது. நம் மக்கள் தாளை வாங்கியதும் 'பாசிட்டிவா, நெகட்டிவா' என்ற ஒரு சொல்லைத் தேடுகின்றனர். அதே தாளில் எத்தனை நிமிடம் நடந்தார் என்றும் ஒரு வரி இருக்கிறது. வருங்காலத்தைப் பற்றி அதிகம் பேசுவது அந்த வரிதான்.

1987-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் மார்க் என்பவரும் குழுவினரும் ஒரு எளிய வாய்பாட்டைத் தந்தனர். புரூஸ் நெறிமுறையில் நடந்த நிமிடங்களிலிருந்து, கோடு எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்ததோ அதன் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பின்னர் வலியின் எண்ணின் நான்கு மடங்கைக் கழிக்க வேண்டும். வலி இல்லையெனில் 0, இருந்தால் 1, வலியால் நடையை நிறுத்த நேர்ந்தால் 2. விடை 5 அல்லது அதற்கு மேல் என்றால் அபாயம் குறைவு. கழித்தல் 11 அல்லது அதற்குக் கீழ் என்றால் மிகுதி. 9 நிமிடம் சிரமமின்றி நடந்தவரின் மதிப்பெண் 9. நான்கே நிமிடத்தில் கோடு 2 மில்லிமீட்டர் தாழ்ந்து வலியால் நின்றவரின் மதிப்பெண் கழித்தல் 14. 1991-இல் இவர்கள் 613 புறநோயாளிகளை ஆராய்ந்தபோது, நான்கு ஆண்டுகளில் முதல் வகையினரில் 99 விழுக்காட்டினரும் கடைசி வகையினரில் 79 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர்.

1999-இல் கோல் என்பவரும் குழுவினரும் இன்னொன்றைக் கவனித்தனர். நடை முடிந்த முதல் நிமிடத்தில் நாடி 12 துடிப்புக்கு மேல் இறங்காதவர்களிடம் பின்னாளைய இறப்பு அதிகம். 2002-இல் ஜோனதன் மையர்ஸ் குழுவினர் 6,213 ஆண்களைச் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கண்டது இதைவிட முக்கியமானது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலை ஓர் அலகாகக் கொண்டால், உழைப்பில் ஒருவர் எத்தனை மடங்கு எட்ட முடிகிறது என்பது அவருடைய திறன். அத்திறன் ஓர் அலகு கூடுந்தோறும் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 விழுக்காடு கூடியது. நோயுள்ளவர், இல்லாதவர் இரு சாராரிடமும் இதுவே மற்ற அளவுகளைவிட வலுவான முன்னறிவிப்பாக இருந்தது.

1953-இல் ஜெர்ரி மாரிஸ் இலண்டன் பேருந்துகளில் கண்ட உண்மையும் இதனோடு சேர்வது. நாள் முழுவதும் அமர்ந்து வண்டி ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. ஹெபர்டனே கூட, நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைக் கடமையாகக் கொண்ட ஒரு நோயாளி ஏறத்தாழக் குணமடைந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்.

டியூக், மையர்ஸ் கணக்குகளைப் பார்த்தபின் தாளைப் படிக்கும் முறை மாற வேண்டும். சென்ற முறை ஒன்பது நிமிடம் நடந்தவர் இம்முறை ஆறு நிமிடத்தில் நின்றிருந்தால், மேலே 'நெகட்டிவ்' என்று அச்சிட்டிருந்தாலும், மருத்துவரிடம் அதைக் கேட்க வேண்டும். நோய் தெரிவதற்கு முன்பே திறன் சரிவது தெரியும். குழாய் அடைப்பைப் போலன்றி, நடைப்பயிற்சியால் திருத்திக்கொள்ளத் தக்கதும் அதுவே.

90 கிலோமீட்டரும் நேரமும்

வெள்ளகோவில் போன்ற ஊருக்கு முன்னறிவிப்பைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. நள்ளிரவுப் பணியில் தறிக்கூடத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் என்ன செய்வது? இக்கேள்விக்கு நல்லதொரு விடை தேடியவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றனர். கோவை மெடிக்கல் சென்டரின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரி முதலியோர், சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு சக்கரத்தின் ஆரங்கள் போல் இணைத்தனர். முதல் மருத்துவமனையிலேயே ஈ.சி.ஜி. எடுத்து, உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பின்னர் பெரிய மையத்துக்கு அனுப்பும் முறை அது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அவர்களுடைய ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் பங்கு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் இன்றி இத்தகைய முறையை நினைத்துப் பார்க்க முடியாது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்குத் தேவையான முதல் மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்தது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. ஃபிரேமிங்ஹாம் சுட்டிய அபாயக் காரணிகளுள் இரண்டு இப்படித்தான் நம் கிராமத்துத் திண்ணை வரை வந்திருக்கின்றன.

'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்கு இனி நாம் இப்படிப் பொருள் கொள்ளலாம்: அன்று, அந்தப் பட்டையின் மேல், இத்தனை நிமிடம் நடந்தவரையில் குருதி ஓட்டத்தில் பெரிய குறை தென்படவில்லை. அவ்வளவே. மேடேறும்போது நெஞ்சு இறுகுமானால் அதைப் பழைய தாள் எதுவும் பொய்யாக்காது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் வலி நிற்கவில்லையென்றால், வாயு என்று சோடா குடித்துக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.